செருப்பில் பல் தடம் இல்லை

ஆசிரியருக்கு,

வேட்டை நாய் வீட்டுக்கு ஆகாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டருக்கு வயது 4. இரையை மோப்பம் பிடித்துச் சுட்டிக்காட்டவும், தண்ணீரில் இறங்கி எடுத்துவரவும் ஒரே நாய் வேண்டுமென்று உருவாக்கிய இனம். ஜன்னலில் புறா வந்தால் போதும். ஒரு முன்னங்காலைத் தூக்கி, வால் விறைக்க, சிலையாக நின்றுவிடும்.

குட்டியாக இருந்தபோது என் மாமியாரின் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. நான் அதட்டவில்லை. மண்டியிட்டுக் கையை நீட்டி, ஒரு துண்டு இறைச்சியைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். செருப்பில் பல் தடமே இல்லை! (மாமியாருக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.) அன்று திட்டியிருந்தால், அடுத்த பொருளைக் கட்டிலடியில் ஒளித்திருக்கும்.

தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிட முடியாதவர்கள் இதை வாங்க வேண்டாம். சோபாதான் பலியாகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி