விற்பனைக் கணக்கும் டிஜேயின் இசைத்தட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வினைல் இசைத்தட்டுகளின் மறுவரவு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, விற்பனை பெருகுவதையே சான்றாகக் கொண்டு, டிஜேக்களிடையேயும் இசைத்தட்டுக்கு நல்ல காலம் திரும்பிவிட்டதாக முடிவு கட்டியிருந்தது. அந்த முடிவு பொருந்தாது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் 2022-இல், 1987-க்குப் பின் முதன்முறையாக, குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன என்பது உண்மைதான். ஆனால் அந்த விற்பனையைத் தூக்கி நிறுத்துபவை வீட்டில் கேட்பதற்கும் அலமாரியில் சேர்த்து வைப்பதற்கும் வாங்கப்படும் முழு ஆல்பங்கள். டிஜேக்கு வேண்டியது பக்கத்துக்கு ஓரிரு பாடல்களே கொண்ட பன்னிரண்டு அங்குல சிங்கிள். இருபது நிமிட இசையை ஒரே பக்கத்தில் அடைக்கும் ஆல்பத்தில் ஒலிப்பள்ளங்கள் நெருங்கி அமைவதால் ஒலியளவைக் குறைத்துத்தான் பதிக்க முடியும். சிங்கிளில் இடம் தாராளம் என்பதால் பேஸ் எனப்படும் தாழ்ந்த, கனத்த ஒலியைக்கூட உரக்கப் பதிக்கலாம். பள்ளங்களின் நிற வேறுபாட்டைப் பார்த்தே பாடலில் தாளம் அடங்கும் இடத்தைக் கண்டறிந்து ஊசியை வைக்கும் பழக்கமும் இந்த அகலமான பதிவினால் வந்ததுதான்.

இத்தகைய தட்டுகளைச் சில நூறு பிரதிகளாக வெளியிடும் சிறு நிறுவனங்களுக்கு இந்த மறுவரவே இடையூறாகவும் அமைந்தது. பெரிய நிறுவனங்களின் மறுபதிப்புகள் தட்டுகளை அச்சிடும் ஆலைகளை நிறைத்துவிட, சிறியவர்களின் தட்டுகள் பல மாதம் வரிசையில் காத்துக் கிடந்தன. 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்தபோது, மூலப்பதிவு வெட்டுவதற்கான லாக்கர் தட்டுகளைத் தயாரிக்க ஜப்பானில் ஒரே ஒரு நிறுவனம்தான் மிஞ்சியது என்பதிலிருந்து, இத்தொழில் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்று அறியலாம்.

மறுபுறம், டிஜேயின் கைத்திறன் தட்டைவிட்டு முற்றிலும் விலகிவிடவில்லை. 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் ஒரே பாடலின் இரு பிரதிகளைக் கொண்டு தாளப் பகுதியை நீட்டிக் காட்டியதிலிருந்து வளர்ந்த கலை அது. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஃபைனல் ஸ்க்ராட்ச், 2004-இல் வந்த செராட்டோ ஸ்க்ராட்ச் லைவ் ஆகிய கணினி அமைப்புகள், டைம்கோட் (ஊசி இருக்கும் இடத்தையும் வேகத்தையும் காட்டும் சமிக்ஞை) பதித்த தட்டின் அசைவைக் கணினிக்கு உணர்த்தி, கோப்பில் உள்ள பாடலை அதே கையால் இயக்க வழிசெய்தன. தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்பும், அதாவது ஸ்க்ராட்ச் செய்யும் டிஜேக்களிடம் வினைல் நிலைப்பது இந்த வடிவில்தான் என்று நினைக்கிறேன். (இதை ஏமாற்று வேலை என்று பழிக்கும் தூய்மைவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை.) எனினும் ஒரு ஜோடி டைம்கோட் தட்டு ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளின் வேலையைச் செய்துவிடுவதால், புதிய தட்டுகளை வாங்கும் தேவை இதனால் குறையுமேயன்றிக் கூடாது.

டிஜேக்கள் பெரிதும் பயன்படுத்திய, 2010-இல் தயாரிப்பு நின்றுபோன டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் (தட்டைச் சுழற்றி இசைக்கும் கருவி) 2016-இல் மீண்டும் வந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கருவி கிடைத்தால் மட்டும் போதாது. பேஸ் ஒலியின் அதிர்வு ஊசி வழியே மீண்டும் ஒலிபெருக்கிக்கு ஏறி இரையாதபடி மேடையை அமைப்பதும், தேய்ந்த ஊசிகளை மாற்றுவதும் கிளப் நடத்துபவர்களின் கையில் உள்ளன. அக்கறையில்லாத இடத்தில், தட்டுப்பெட்டியைச் சுமந்து வரும் டிஜேகூட யுஎஸ்பி-யில் உள்ள பாடல் கோப்புகளை நாடுவதில் வியப்பில்லை.

ஆகவே, இப்பொருள் குறித்து மீண்டும் எழுதும்போது, சிறு நிறுவனங்களின் சிங்கிள்கள் எவ்வளவு காலத்தில் அச்சாகி வருகின்றன, கிளப்புகள் டர்ன்டேபிள்களை எந்த நிலையில் வைத்திருக்கின்றன என்பவற்றையும் விசாரித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்