ஒத்துப்போகத் தெரியாம திரும்பி வந்தவன் இல்ல நான்

ஆசிரியர் அய்யா அவர்களுக்கு வணக்கம்.

இருபது வருசமா ஒங்க பத்திரிகைய வாசிக்கிறவன் நான். சவுதியில கெடந்தப்பவும் லீவுக்கு ஊருக்குப் போறவங்ககிட்ட சொல்லிவிட்டு, வீட்டுல கட்டிவெச்ச பழைய இதழெல்லாம் கொண்டுவரச் சொல்லி ரூம்ல வாசிச்சவன், அந்த உரிமையிலதான் எழுதுதேன். போன இதழ்ல வெளிநாட்டு வேலை அனுபவம்னு நாலு பக்கம் போட்டிருந்திய. கடைசிப் பத்தியில ஒரு வரி வருது, "அந்த ஊர்ப் பழக்கவழக்கங்களோடு ஒத்துப்போகத் தெரியாதவர்களே பாதியில் திரும்பி வந்து புலம்புகிறார்கள்"னு. அத வாசிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல அய்யா. நான் பாதியில திரும்பி வந்தவன்தான்.

2008-ல போனேன். தம்மாம் தாண்டி கதீஃப் பக்கம் தாரூத் தீவு, அங்க லாஞ்சுல மீன்பிடி வேல. மாசச் சம்பளம் கெடையாது, பங்குதான், டீசலு ஐசு சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழிச்சு மிச்சத்துல பாதி கஃபீலுக்கு, அதாவது எங்கள விசா குடுத்துக் கூப்பிட்ட முதலாளிக்கு, பாதி எங்க எல்லாருக்கும். போன மொத மாசம் மீன் பெட்டிய ஏத்திக்கிட்டு ஒரு ஐஸ் கம்பெனிக்கு அனுப்பினாவ, 56-ம் நம்பர் கதவுன்னு சொல்லிவிட்டாவ. நான் அந்த வரிசைய மூணு தடவ சுத்துனேன், 56 எங்கயும் இல்ல. அரபில அஞ்ச நம்ம சைபர் மாதிரி வட்டமா எழுதுவாவ, ஆறு பாத்தா நம்ம ஏழு மாதிரி இருக்கும், சைபருக்கு வெறும் புள்ளிதான், இது எனக்கு எப்படித் தெரியும்? வெயில்ல மீன் எளகிப்போச்சு, அந்த நட்டத்த எனக்க பங்குலதான் புடிச்சாவ. அங்க வேல பாத்த ஒரு எகிப்துக்காரன் சிகரெட் அட்டையில ஒண்ணுல இருந்து பத்து வர எழுதித் தந்தான். அன்னைக்கு ராத்திரியே மனப்பாடம் பண்ணினேன், அதுக்கப்பறம் நம்பர் விசயத்துல எனக்குத் தப்பு வந்ததே இல்ல.

கஃபீலுக்க வாப்பா வயசானவரு, நல்ல மனுசன். அவருக்க மஜ்லிஸ்ல, விருந்தாளிங்கள உக்காரவெக்கிற கூடத்துல, எங்களையும் கூப்பிட்டு உக்காரவெச்சு சின்னக் கிண்ணத்துல கஹ்வா, அவங்க காப்பி, ஊத்துவாரு. குடிச்சுட்டு நீட்டுனா திரும்பவும் ஊத்துவாவ, போதும்னா கிண்ணத்த லேசா ஆட்டிக் காட்டணும். அது தெரியாம நான் வேண்டாம்னு சொன்னா மரியாதக் குறைவு ஆயிருமோன்னு பயந்து ஏழு கிண்ணம் குடிச்சேன், அவருதான் எனக்க மணிக்கட்டப் புடிச்சு இப்படி ஆட்டுன்னு சொல்லித் தந்தாரு. ஒருத்தரும் சிரிக்கல. நோம்பு மாசத்துல நாங்களும் பகல்ல அவங்க கண்ணு முன்ன தண்ணி குடிக்க மாட்டோம், கிறிஸ்தவங்களான எங்களுக்கும் ஈஸ்டருக்கு முன்ன தபசு காலம் உண்டுல்லா, அதனால அது கஷ்டமாவே தெரியல. அங்க கோயில் கெடையாது, பூசை கெடையாது, ரூம்ல கதவடச்சு செபமால சொல்லிக்கிட்டோம், அதுக்கும் ஒரு குறையும் சொல்லல.

வேலையும் புதுசுதான். எங்க பக்கத்து ஆளுங்க தூண்டில்ல வளந்தவங்க, சுறாவுக்கு நாள்கணக்கா ஆழ்கடலுக்குப் போறவங்க. அந்த வளைகுடா சராசரி 35 மீட்டர்தான் ஆழம், அங்க கர்கூர்னு கம்பிக் கூடு எறக்கி, மறுபடி போயி தூக்கணும். அதையும் படிச்சோம். கலவாவ ஹமூர்னும் நெய்மீன கனாத்துன்னும் சொல்லப் படிச்சோம், ஏலத்துல நின்னு அரபில வெல பேசப் படிச்சோம். அஞ்சாம் வருசம் கரையில இருந்த சவுதிக்காரங்களே என்னக் கூப்பிட்டு, புதுசா வந்த நம்ம பயலுவளுக்கு வெவரம் சொல்லிக்கொடுன்னு சொல்லுவாவ. இதுக்கு மேல எப்படி அய்யா ஒத்துப்போறது?

இப்ப பாதியில வந்த கதையச் சொல்லுதேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எனக்க அளியன், தங்கச்சி மாப்பிள, வள்ளத்துல கடல்ல. எங்க கரை முழுக்க ஆளுங்க வெளிய நிக்காவ, ஒண்ணுக்கும் தகவல் இல்ல. டிசம்பர் 7 அன்னைக்கு எங்க ஊர் பொம்பளையளெல்லாம் குழித்துறை ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்தாவ, கடல்ல போயித் தேடுங்கன்னு, அந்தக் கூட்டத்துல எனக்க தங்கச்சி கைப்பிள்ளையோட இருந்தத நான் அங்க போன்ல பாக்கேன். பாஸ்போர்ட் கஃபீலுக்க கையில. முதலாளி பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிருக்கக்கூடாதுன்னு அந்த நாட்டுலயும் சட்டம் உண்டு அய்யா, ஆனா எங்க லாஞ்சுல ஒருத்தன் கையிலயும் பாஸ்போர்ட் இருந்ததில்ல. அவரு கையெழுத்துப் போட்டு எக்ஸிட் விசா அடிச்சாத்தான் நான் வரமுடியும். அங்க எறா சீசன் ஆகஸ்ட் 1-ல தொடங்கி ஜனவரி கடைசி வர. சீசன் முடியட்டும்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. நான் அவருக்க காலுக்குக் கீழ உக்காந்து அவருக்க பாஷையிலதான் அழுதேன், ஒரு வார்த்த தப்பில்லாம. மீறிப் போனா ஹுரூப்புன்னு, ஓடிப்போயிட்டான்னு எழுதிக் கொடுத்துருவேன்னாரு. அது எழுதிட்டா ஜெயிலு, அப்பறம் அந்த நாட்டுப் பக்கமே போகமுடியாது.

அதுக்கப்பறம் மூணு நாளும் அவருக்க வாப்பா, அந்தப் பெரியவரு, நாங்க தங்குன ரூமுக்கே வந்தாரு. பேரிச்சம்பழமும் பிளாஸ்குல கஹ்வாவும் கொண்டுவந்து எனக்க பக்கத்துல தரையில உக்காந்தாரு. துக்க வீட்டுக்கு மூணு நாள் போறது அவங்க வழக்கம். மகன்கிட்ட பேசியும் பாத்திருக்காரு, நடக்கல. அந்தப் பழக்கவழக்கம்தான் அய்யா என்ன அன்னைக்கு உசுரோட வெச்சுது. என்ன முறிச்சது பழக்கவழக்கம் இல்ல, ஒரு பாஸ்போர்ட்டும் ஒரு கையெழுத்தும். பிப்ரவரியில விட்டாரு, திருவனந்தபுரத்துல எறங்கி வீட்டுக்கு வந்தப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. ஒடம்பு கெடைக்கல. கோயில்ல படம் வெச்சு பூசை நடந்ததக்கூட நான் பாக்கல. அப்பறம் நான் திரும்பிப் போகல.

ஒங்க கட்டுரையில வந்த நாலு பேரும் கம்ப்யூட்டர் வேலைக்காரங்க. அவங்களும் நம்ம பிள்ளைங்கதான், நல்லாருக்கட்டும். ஆனா வெளிநாடுன்னா எப்பவும் அவங்கதானா? எங்க மாவட்டம்னா ஒங்களுக்கு 133 அடி திருவள்ளுவர் சிலையும் சூரிய உதயமும்தான், கொளச்சலுக்கு மேற்க நீரோடி வர ஒரு கரை இருக்கு, வீட்டுக்கு ஒருத்தன் சவுதியிலயோ பஹ்ரைன்லயோ ஈரான்லயோ கடல்ல கெடக்கான்னு ஒரு தடவ எழுதியிருக்கியளா? 2020-ல கொரோனா நேரம் ஈரான்ல மாட்டிக்கிட்டு லாஞ்சுலயே மாசக்கணக்கா கெடந்த நம்ம ஆளுங்கள ஜூலை 1-ல ஐஎன்எஸ் ஜலாஸ்வா கப்பல் தூத்துக்குடியில கொண்டாந்து எறக்குச்சு. அப்பம் நான் ஒங்களுக்கு ரெண்டு கடிதம் போட்டேன், ரெண்டும் வரல. இடம் இல்லாம இருந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டேன், ஆனா மனசு வலிச்சுது.

களியக்காவிளை தாண்டுனா கேரளாவுல 1996-லயே வெளிநாட்டுல இருக்கவங்களுக்குன்னு நோர்க்கா துறை வெச்சிட்டாவ. லாஞ்சுல எனக்க கூட இருந்த விழிஞ்ஞத்துக்காரனுக்கு எங்க போய்க் கேக்கணும்னு தெரியும், எனக்குத் தெரியாது, ரெண்டு பேருக்கும் ஊரு பக்கத்துப் பக்கம்தான். இப்பம் நம்ம அரசாங்கத்துலயும் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கு, ஜனவரி 12-ல அயலகத் தமிழர் தினமும் கொண்டாடுதாவ. சந்தோசம். அதுல எப்படிப் பதியணும்னு எங்க கரையில போய்க் கேட்டுப்பாருங்க, கை விரிப்பாவ.

எனக்க தங்கச்சி மொவன் இப்பம் போக நிக்கான். அவன் பத்தாம் கிளாஸ் பாஸாகல, அதனால அவனுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட், வளைகுடா உட்பட 18 நாட்டுக்கு வேலைக்குப் போறதுக்கு முன்ன எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்கணும். ஏஜென்ட் ஒருத்தன் அதெல்லாம் வேண்டாம், விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்னு சொல்லி ஒன்றரை லட்சம் கேக்கான். சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். விசிட் விசாவுல போனா கிளியரன்ஸும் இல்ல, 10 லட்ச ரூபா பிரவாசி பாரதிய பீமா இன்சூரன்ஸும் இல்ல. நாளைக்கு அவனுக்கு வல்லதும் ஆச்சுன்னா தங்கச்சி யார்கிட்ட போய் நிப்பா? ஏற்கனவே ஒரு தடவ நின்னவ அவ.

அந்த வரியத் திருத்தி மன்னிப்புப் போடணும்னு நான் கேக்கல. அடுத்த இதழ்ல ஒரு சின்னக் கட்டம் போடுங்க, அவ்வளவுதான். ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் உண்டான்னு மத்திய அரசாங்கத்துக்க இமைகிரேட் வெப்சைட்ல எப்படிப் பாக்கணும், 30,000-க்கு மேல கேட்டா எங்க புகார் சொல்லணும், பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் காண்டிராக்ட்டுக்கும் ஒரு ஜெராக்ஸ் வீட்டுல வெச்சிட்டுப் போகணும், இப்படி ஆறேழு வரி போதும். எடம் மிஞ்சுனா அந்த அரபி நம்பர் பத்தையும் போட்டிருங்க.

பயலுக்கு டிக்கெட் அடுத்த மாசம் போடுதானாம். மாமன் பயமுறுத்துதாருன்னு சொல்லி எனக்க பேச்ச அவன் கேக்கவே மாட்டேங்கான். ஒங்க பத்திரிகையில அச்சுல வந்தா நம்புவான், அதனால அதுக்கு முன்ன வர்ற இதழ்லயே போட்டுத் தாங்க அய்யா.

இப்படிக்கு,
ஒங்க பழைய வாசகன்,
கொளச்சலுக்கு மேற்க ஒரு கடற்கரை ஊர்,
கன்னியாகுமரி மாவட்டம்.