நாவல் எழுதுற மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்புன ரெண்டு அத்தியாயத்தையும் அப்பா பிரிண்ட் எடுத்துக் குடுத்தாரு, ஒரே மூச்சுல படிச்சுட்டேன். மெடிக்கல் படிப்புக்கு நடுவுல உக்காந்து இவ்வளவு எழுதுறியேன்னு பெருமையா இருக்கு. 500 வருஷத்துக்கு முன்னாடி, சீனாவுல மிங் அரசர்கள் காலத்துல, ஊஷி ஊர்ல வாழ்ந்த டான் யுன்ஷியென்னு ஒரு வைத்தியச்சிய நம்ம பாஷைல கதையா படிக்கிறதே எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா ஒண்ணு சொல்லணும், போன்ல சொன்னா நீ குறுக்க குறுக்க பேசுவ, அதான் எழுதுறேன்.

நீ அந்தம்மாவ ஒத்தை ஆளா நிறுத்திட்ட பாப்பா. ஊரே எதிரி, வீடே எதிரி, இவங்க மட்டும் ராத்திரில ஒளிஞ்சு ஒளிஞ்சு படிக்கிறாங்க. அப்படி நடக்கலையே, நீ அனுப்புன நோட்ஸ்லயே இருக்கே. அந்தம்மாவோட தாத்தாதான் இந்தப் பொண்ணு நல்ல புத்திசாலி, தையல் வேலையோட நிறுத்தாதீங்க, நம்ம வித்தையைக் கத்துக் குடுங்கன்னு சொல்லியிருக்காரு. அப்பாவோட அம்மா, ரூ குடும்பத்துல பொறந்தவங்க, அவங்களே வைத்தியம் தெரிஞ்சவங்க, உக்கார வச்சு நாடி சாஸ்திரம் எல்லாம் மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்க. கல்யாணம் ஆனப்புறம் தனக்கே உடம்புக்கு வந்தப்போ வைத்தியர் வர்றதுக்குள்ள தானே என்ன நோவுன்னு யோசிச்சு வச்சுக்கிறாங்க, பொறந்த மூணு பொண்ணு ஒரு பையனுக்கும் தானே மருந்து எழுதி அது சரியான்னு பாட்டிகிட்ட காட்டிக் கேட்டுக்கிறாங்க. இந்தப் பாட்டிய நீ ஒரே பாராவுல சாகடிச்சுட்ட! அந்தக் கெழவி செத்த அப்புறமும் விடலையே. துக்கத்துல யுன்ஷியென் படுத்த படுக்கையாகி, அம்மாக்காரி அடக்கத்துக்கு ஏற்பாடு பண்ற அளவுக்குப் போனப்புறம், பாட்டி கனவுல வந்து உன் மருந்து இந்தப் புஸ்தகத்துல இந்த எடத்துல இருக்கு, எந்திரி, 73 வயசு வரைக்கும் இருப்ப, நாலு பேரைக் காப்பாத்துன்னு சொல்லிட்டுப் போறாங்க. இதைத் தான் பாத்த கேஸ்களை எழுதி வச்ச புஸ்தகத்தோட முன்னுரைல அந்தம்மாவே எழுதியிருக்காங்க. 73 இல்ல, 90 தாண்டி இருந்தாங்க. இதை விட்டுட்டா கதைக்கு முதுகெலும்பு எங்க இருக்கு?

எதிரியே இல்லைன்னு சொல்ல வரல. அந்த நாட்டுல மூணு அத்தை ஆறு கிழவின்னு ஒரு பட்டியல் வச்சிருந்தாங்கல்ல, புத்த சன்யாசினி, தாவோ சன்யாசினி, குறி சொல்றவ, தரகு, கல்யாணத் தரகு, சாமியாடி, பொம்பளைங்கள வச்சு தொழில் பண்றவ, அந்த வரிசையிலயே மருந்துக்காரிய வச்சு, பிரசவம் பாக்குற மருத்துவச்சியையும் வச்சு, இவங்கள வாசப்படி ஏத்தாதீங்கன்னு படிச்ச ஆம்பளைங்க எழுதி வச்சாங்க. எனக்கு அந்த வரியப் படிச்சப்போ நெஞ்சு கொதிச்சுது. ரத்தத்துலயும் தண்ணிலயும் கைய விட்டு புள்ளைய எடுக்குறவ ஏமாத்துக்காரியாம், ஆனா வலி கண்டா அவளைத்தான ஓடிப் போய் கூட்டிட்டு வருவாங்க. யுன்ஷியெனுக்கு பெரிய குடும்பம்ங்கிற குடை இருந்துச்சு, தெருவுல மருந்து வித்தவளுக்கு அது இல்ல. இந்த வித்தியாசத்தை எழுது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பாக்குறது, சத்தமும் வாசனையும் கவனிக்கிறது, கேக்குறது, நாடி புடிக்கிறதுன்னு சீன வைத்தியத்துல நாலு சோதனை. பெரிய வீட்டுப் பொண்ணுன்னா ஆம்பள வைத்தியர் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நீட்டுன கைல நாடி பாப்பாரு, கேள்விக்கு பதில் புருஷனோ வேலைக்காரியோ சொல்லுவா. பத்து ஆம்பளைக்கு வைத்தியம் பாத்துடலாம் ஒரு பொம்பளைக்கு பாக்க முடியாதுன்னு அவங்க சொல்லிக்கிட்டது சும்மாவா. தீட்டு எப்போ நின்னுச்சு, எத்தனை தடவை கலைஞ்சுச்சு, ராத்திரி எதுக்கு அழுவுறன்னு ஒரு அன்னிய ஆம்பளைகிட்ட எவ வாயத் தொறப்பா? லேபர் வார்டுல நான் பாத்ததும் இதேதான், டாக்டர் கேட்டா தலைய மட்டும் ஆட்டுற பொண்ணு வெந்நி குடுக்குற ஆயாகிட்ட எல்லாத்தையும் கொட்டிடும், அந்த ஆயா வந்து எங்க காதுல சொன்னப்புறம்தான் வைத்தியமே ஆரம்பிக்கும்.

யுன்ஷியென் புஸ்தகத்துல இருக்கிற 31 கேஸும் பொம்பளைங்க கேஸ்தானே. ஆம்பள வைத்தியம் வேணாம்னு சொந்தக்காரப் பொண்ணுங்க ஒருத்தி பின்னாடி ஒருத்தியா வந்துட்டே இருந்தாங்கன்னு அவங்களே சொல்றாங்க. படகு ஓட்டி கை மரத்துப்போனவ, செங்கல் ஓடு வேலைய ராப்பகலா பாத்து ரத்தப்போக்கு வந்தவ, புருஷன் இன்னொருத்திய கொண்டாந்து வச்ச கோவத்துல நோவுல விழுந்தவன்னு எல்லாருக்கும் எடம் இருக்கு பாரு அந்தச் சின்ன புஸ்தகத்துல. அந்தக் கோவத்தையும் நோவோட காரணமா எழுதி வச்சிருக்காங்கன்னா, அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் உக்காந்து மனசு விட்டுப் பேசியிருக்கணும். சிநேகிதம்தான் அங்க வைத்தியத்துல பாதி. தோழிய கதைக்கு அழகுக்காகக் கொண்டு வராத. நோவு என்னன்னு கண்டுபிடிக்கிறதே அந்தப் பேச்சுல நடக்கணும்.

அந்த மாசிபத்திரிச் சூடு வைக்கிற எடத்தையும் அவசரமா தாண்டிட்ட. நம்ம மரிக்கொழுந்து இனத்துச் செடிதான அது, காஞ்ச எலைய இடிச்சு பஞ்சாக்கி, விரலால உருட்டி சின்ன கூம்பா புடிச்சு, உடம்புல அந்தந்த எடத்துல வச்சு நெருப்பு காட்டுறாங்க. கசந்த புகை எழும்பும், தோல் சூடேறும், ஒண்ணு எரிஞ்சு முடிஞ்சா அடுத்தது வைக்கணும். அது வரைக்கும் ரெண்டு பேரும் பக்கத்துலயே இருந்தாகணும், வேற வேலை இல்ல. படகுக்காரி பேச ஆரம்பிக்கிறது அங்கதான்னு வையேன். ரெண்டாவது அத்தியாயம் அதுலயே ஆரம்பிக்கலாம்னு எனக்குத் தோணுது, நாடி சாஸ்திரம் பத்தின அந்த நாலு பக்கத்தை எடுத்துடு, பரீட்சை நோட்ஸ் மாதிரி இருக்கு.

அப்புறம் ஊஷி பொண்ணுங்க ரகசிய எழுத்துல லெட்டர் எழுதிக்கிற மாதிரி வச்சிருக்க. நூஷுன்னு சொல்ற அந்தப் பொம்பளைங்க எழுத்து ஹூனான் மாகாணத்துக்குத் தெக்கால ஜியாங்யோங் பக்கத்துப் பொண்ணுங்களோடது, அங்கதான் முன்னெல்லாம் கல்யாணமாகி மூணாம் நாள் தோழிங்க சேந்து புஸ்தகம் தைச்சு அனுப்புவாங்க. எனக்கும் அது ரொம்பப் புடிச்ச விஷயம், ஆனா அது எங்கயோ இருக்கு, ஊஷி எங்கயோ இருக்கு, உன் ஆளுங்க வசதியான வீட்டுப் பொண்ணுங்க, படிக்கத் தெரிஞ்சவங்க, சீன எழுத்துலயே எழுதிக்கட்டும். நூஷுவுக்கு தனியா ஒரு கதை எழுது.

கடைசியா அந்த மகன் லியென். நான் பொம்பளை, வெளிய போய் அச்சு வேலை பாக்க முடியாது, அதனால மகனை விட்டு நகலெடுத்து கட்டைல செதுக்கச் சொன்னேன்னு முன்னுரைல இருக்கே, 1511ல, அந்தம்மாவுக்கு 50 வயசு. அந்த மகனுக்கு நீ ஒரு வரி கூட குடுக்கல. அம்மா சொல்லச் சொல்ல ஊர்ப் பொம்பளைங்களோட தீட்டையும் ரத்தத்தையும் அழுகையையும் ஒரு பையன் எழுதிட்டு உக்காந்திருக்கான், எவ்வளவு பெரிய சீன் அது. அப்புறம் 1585ல பேரன் முறைக்காரர் ஒருத்தர் திரும்ப அச்சுப் போட்டதாலதான் அந்தப் புஸ்தகம் உன் கைக்கு வந்திருக்கு, அவரையும் மறக்காத.

நீ இருக்கிற நான்ஜிங்ல இருந்து ஊஷிக்கு ரயில்ல பக்கம்தான்னு நீயே சொன்ன, பரீட்சை முடிஞ்சதும் ஒரு எட்டு போய் தாய்ஹூ ஏரிக்கரைல நின்னு காத்து எப்படி அடிக்குதுன்னு பாத்துட்டு வா, படகுக்காரி கை மரத்துப்போனது ஏன்னு அங்க புரியும். குளிருக்கு ஸ்வெட்டர் உள்ள போட்டுக்கோ, வெறும் நூடுல்ஸ்லயே ஓட்டாத. பாட்டி வர்ற பகுதிய மாத்தி எழுதுனதும் அதை மட்டுமாவது உடனே அனுப்பு, அப்பாகிட்ட பேப்பர் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கேன்.

அன்புடன்,
அம்மா