அடுப்பு கேட்டுப் போனோம், உட்காரவும் இடம் தந்தார்

அந்த வாரம் எங்கள் தெருவுக்குள் கால் வைத்த எல்லாருக்கும் வணக்கம்.

ஃபெஞ்சல் புயல் மழையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியதை நாடே டி.வி.யில் பார்த்தது. வேனும் காரும் மிதந்து போனதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களில் பாதிப் பேர் பதறிப்போய் எங்களுக்குப் போன் செய்தீர்கள். அது போகட்டும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். நன்றியும் அப்படித்தான், சூட்டோடு சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரையாவது விட்டிருந்தால் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அரூர், திருப்பத்தூர், தருமபுரிப் பக்கமிருந்து பைக்கிலேயே சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த பையன்கள், முழங்கால் சேற்றில் நின்று சாக்கடையைத் திறந்துவிட்ட தூய்மைப் பணியாளர்கள், இரவு பகல் பார்க்காமல் கம்பம் கம்பமாக ஏறிய லைன்மேன்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு எங்களோடு அங்கேயே படுத்துக்கொண்ட ஆசிரியர்கள், பாய் கொடுத்தவர்கள், நாப்கின் வாங்கி வந்து சத்தமில்லாமல் பெண்கள் கையில் கொடுத்துவிட்டுப் போன அந்த இரண்டு அக்காக்கள். எல்லாருக்கும் கை கூப்புகிறேன். நீங்கள் இல்லையென்றால் நாங்கள் இல்லை. இதைச் சும்மா வாய்வார்த்தைக்காகச் சொல்லவில்லை.

ஆனால் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெரு முனையில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணன் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டில் முதலில் தேடியது அடுப்பைத்தான். கேஸ் அடுப்பு சேற்றில் கவிழ்ந்து கிடந்தது, பர்னர் ஓட்டை முழுக்கக் களிமண். சிலிண்டர் எந்தத் தெருவுக்குப் போனதோ தெரியவில்லை. கொல்லையில் அம்மா தன் கையால் போட்ட மண் அடுப்பு ஒன்று இருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் கரைந்துவிட்டது. மூன்று கல்லைக் கூட்டலாம் என்றால் தரை சொதசொதவென்று கிடந்தது. பானையை ஏற்றினால் கல் உள்ளே இறங்கியது.

பொட்டலச் சாப்பாடு வேளைக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அம்மா அதைப் பிரித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் தானும் இரண்டு வாய் தின்பார். எழுபது வயது வரை தன் அடுப்பில் பொங்கித் தின்றவர். குறை ஒன்றும் சொல்லவில்லை, பேச்சுதான் நின்றுபோனது. ஒரு சாயங்காலம், "ஒரு உருண்டை களி கிண்டித் தின்னா தெம்பு வந்துரும்" என்றார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராகிக் களி வயிற்றுக்குள் போனால்தான் நமக்குச் சாப்பிட்ட கணக்கு.

அதைக் கேட்டதும்தான் இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே போய் நின்ற பிறகுதான் அவர் நிலைமை தெரிந்தது. எடைக்கு வாங்கிக் கட்டி வைத்திருந்த அட்டையும் பேப்பரும் ஊறிக் கூழாகிக் கிடந்தன. அத்தனையும் காசு. இரும்பு மட்டும்தான் போட்ட இடத்தில் கிடந்தது. மனுஷன் அதன் நடுவில் உட்கார்ந்து சேற்றை வழித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்கவே கூச்சமாக இருந்தது. "பழைய விறகடுப்பு ஏதாவது எடைக்கு வந்திருக்காண்ணா?" என்றேன்.

"வந்ததெல்லாம் போயிருச்சு பாப்பா. செஞ்சு தரேன்" என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "பெரியம்மா உக்காந்து சமைப்பாங்களா, நின்னுக்கிட்டா?"

அந்த வாரம் எங்களிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். ரேஷன் கார்டு இருக்கிறதா, ஆதார் இருக்கிறதா, வீட்டில் எத்தனை பேர் என்று. கேட்டவர்கள் எல்லாரும் நல்லது செய்யத்தான் கேட்டார்கள். ஆனாலும் அம்மா எப்படி உட்காருவார் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

அம்மாவுக்கு மூட்டுவலி, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது, ஒரு பலகையில்தான் உட்காருவார், அந்தப் பலகையும் தண்ணீரோடு போய்விட்டது என்றேன். கேட்டுக்கொண்டு என் கூடவே வீட்டுக்கு வந்தார். டேப் எல்லாம் சேற்றுக்குள் போய்விட்டதாம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினார். அம்மாவைத் திண்ணை விளிம்பில் உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை பிடித்து, அந்த இடத்தில் குச்சியைக் கிள்ளினார். இன்னொரு குச்சியில் களிப் பானையின் அடி அகலம், இன்னொன்றில் பானையின் உயரம். மூன்றையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அடுப்பு எப்படிச் செய்தார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நிறையப் பேர் வந்து கேட்கிறீர்கள், அதோடு அந்த வேலையில் இருந்த கவனம் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

உள்ளே நெருப்பு எரிகிற குழாய், போர்வெல்லுக்கு இறக்குகிற இரும்புக் கேசிங் பைப்பின் வெட்டுத் துண்டு. நல்ல கனம், லேசில் ஓட்டை விழாது. ஒரு துண்டு நெட்டுக்கு, அதன் அடியில் பக்கவாட்டில் இன்னொரு துண்டு, 'ட' எழுத்து மாதிரி. பக்கவாட்டுத் துண்டுதான் விறகு வைக்கிற வாய். அதற்குள் ஒரு தகட்டைக் குறுக்கே கொடுத்து இரண்டாகத் தடுத்திருக்கிறார். தகட்டின் மேலே விறகு, கீழே காற்று. விறகைக் குவித்து அடைத்தால் காற்று திணறிப் புகைதான் வரும். தகடு இருப்பதால் காற்று தடையில்லாமல் உள்ளே போகிறது, விறகின் நுனி மட்டும் எரிகிறது, எரிய எரியத் தள்ளிவிட்டால் போதும்.

வெளிக்கூடு பழைய டிரம். கடையில் பெயின்ட் டிரம், கெமிக்கல் டிரம் எல்லாம் கிடந்தும் அவற்றைத் தொடவில்லை. "உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாதத அடுப்பாக்கிச் சோறு பொங்கக் கூடாது" என்றார். சமையல் எண்ணெய் வந்த டிரம்மைத் தேடி எடுத்து, அதையும் வெட்டவெளியில் வைத்து ஒருமுறை எரித்து, மேல் பூச்செல்லாம் போன பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நாகமுலாம் பூசிய தகடும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். சூடேறினால் அதிலிருந்து வரும் வெள்ளைப் புகை ஆகாது, வெல்டிங் வைக்கிறவர்களுக்கு அதனாலேயே காய்ச்சல் வரும்.

குழாய்க்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் உமிச் சாம்பல். மேட்டுப் பக்கம் இருக்கும் அரிசி ஆலையில் காய்ந்த சாம்பல் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு மூட்டை அவரே போய்ச் சுமந்து வந்தார். மணல் போடலாமே என்றேன். மணலும் மண்ணும் சூட்டைக் குடித்துக்கொள்ளும், சாம்பல் சூட்டை உள்ளேயே நிறுத்தும் என்றார். உள்குழாய் அந்த அளவுக்குக் கொதித்தால்தான் புகையும் சேர்ந்து எரியும். வெளியே டிரம்மில் கை பட்டாலும் பிள்ளைகளுக்குச் சுடாது.

பக்கத்து வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் தம்பி பார்த்துவிட்டு, இதற்கு ராக்கெட் அடுப்பு என்று பெயர், 1980களில் அமெரிக்காவில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வகுத்த முறை என்றான். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டார். தான் வாலிபத்தில் லாரி கிளீனராக வடக்கே போனபோது ஒரு தாபாவில் பார்த்ததாகச் சொன்னார். எந்த வழியாக வந்தால் என்ன, எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தது.

வெல்டிங் வைக்கக் கரன்ட் இல்லை. மெயின் ரோட்டில் ஜெனரேட்டர் ஓட்டிக்கொண்டிருந்த லேத் பட்டறைக்காரர் தன் வேலையை நிறுத்திவிட்டு மிஷினைக் கொடுத்தார். அவருக்கும் நன்றி. பானை உட்காரும் இடத்தில் மூன்று முறுக்குக் கம்பித் துண்டுகள். பானைக்கும் குழாய் வாய்க்கும் நடுவே ஒரு விரல் சந்து இருக்க வேண்டும், ஒட்டி உட்கார்ந்தால் நெருப்பு அணைந்துவிடும். சுற்றிலும் மூன்று காது வைத்துப் பானையைக் கவ்வுகிற மாதிரி செய்திருந்தார். களி கிண்டும்போது பானை சுற்றும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுப்பு வந்த அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் அடுப்புக்குப் பின்னால் இன்னொரு சாமான் இருந்தது. பழைய டிராக்டரின் இரும்பு சீட். ஓட்டை ஓட்டையாக, நடுவில் குழிவாக இருக்குமே, அதுதான். அடியில் ஒரு லாரி பிரேக் டிரம், அதன் மேல் ஒரு குழாய், அதன் மேல் சீட். விளிம்பு தொடையை அறுக்காமல் இருக்க, சைக்கிள் டியூபைப் பிளந்து சுற்றி, கட்டுக்கம்பியால் நெருக்கமாக முடிந்திருந்தார். கம்பி முனைகள் எல்லாம் கீழ்ப்பக்கம் மடக்கியிருந்தன, சேலையில் மாட்டாது.

"அடுப்ப இதுக்கு மேல தாழ்த்த முடியல பாப்பா. குழாய் உயரம் கொறஞ்சா இழுவ போயிரும், புகைய ஆரம்பிச்சிரும். பெரியம்மா பலகையில உக்காந்தா கை எட்டாது. அதான் அவங்கள மேல ஏத்திட்டேன்" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் கேட்டது அடுப்பு. அதுவும் எடைக்கு ஏதாவது கிடைக்குமா என்றுதான் கேட்டோம். தன் கடை முழுக்க நாசமாகிக் கிடக்கும்போது, ராத்திரியில் ஒரு மனுஷன் அந்தக் குச்சிகளை எடுத்து வைத்துக்கொண்டு, எழுபது வயசு அம்மாவின் கை எட்டுமா எட்டாதா என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

அம்மா உட்கார்ந்து பார்த்தார். சேற்றுத் தரையிலும் பிரேக் டிரம் அசையவில்லை. விறகெல்லாம் நனைந்து கிடந்த நேரம். மேட்டுத்தெரு வீடு ஒன்றிலிருந்து பழைய மாம்பழப் பெட்டிப் பலகைகளையும், பரணில் கிடந்த தேங்காய் மட்டைகளையும் இறக்கிக் கொடுத்தார்கள். மட்டையை வைத்துப் பற்ற வைத்ததும் முதலில் கொஞ்சம் புகைந்தது. அப்புறம் குழாய்க்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்டது, புகை நின்றுவிட்டது. நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, நடுவில் துடுப்பைக் குத்தி வைத்து, வெந்த பிறகு அம்மா கிண்ட ஆரம்பித்தார். பானை அசையவே இல்லை. கவைக்கோல் பிடிக்க நான் தயாராக நின்றேன், தேவைப்படவில்லை. ஈரக் கிண்ணத்தில் போட்டு உருட்டிய முதல் உருண்டை அண்ணனுக்கு. கீரை கடைந்து வைத்திருந்தோம். கடைக்கே கொண்டுபோகிறேன் என்றவரை விடாமல், கொல்லையிலேயே உட்கார வைத்துப் போட்டார் அம்மா. அன்றைக்குத்தான் அம்மா மறுபடி வாய் நிறையப் பேசினார். அவர் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை, மூத்த பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்றா என்று எல்லாம் விசாரித்தார்.

கேஸ் கனெக்‌ஷன் திரும்பி வரும் வரைக்கும் எங்கள் வரிசையில் இருந்த வீடுகள் எல்லாம் அந்த அடுப்பில்தான் மாற்றி மாற்றிச் சமைத்தோம். காலையில் ஒரு வீட்டு இட்லிக் குண்டான், மத்தியானம் இன்னொரு வீட்டுச் சோறு, ராத்திரி குழந்தைகளுக்குப் பால். யார் சமைத்தாலும் அந்த டிராக்டர் சீட்டில் உட்கார்ந்துதான் சமைத்தார்கள்.

காசு வாங்கவில்லை. இரும்புக்காவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றதற்கு, "தண்ணி எடுத்துக்கிட்டுப் போனதுக்கு யாருகிட்ட காசு கேட்டேன்?" என்றார். மேற்கொண்டு வற்புறுத்த முடியவில்லை.

அண்ணா, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், உங்கள் மகன் படித்துக் காட்டுவான் என்று தெரியும். அம்மா இப்போது கேஸ் வந்த பிறகும் களியை அந்த அடுப்பில்தான் கிண்டுகிறார். அதில் கிண்டினால்தான் ருசி என்கிறார். உங்களுக்கு நாங்கள் திருப்பிச் செய்ய ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அளவுகளை எல்லாம் தம்பி நோட்டில் படம் போட்டு எழுதி வைத்துவிட்டான். லேத் பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் தருவதாகச் சொல்லிவிட்டார். அடுத்த மழைக்காலத்துக்குள் எங்கள் தெருவில் கைவசம் அடுப்புகள் தயாராக இருக்கும். எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அவற்றையும் ஏற்றி அனுப்புவோம். அனுப்பும் முன்னால் போன் செய்து, சமைக்கிறவர் உட்காருவாரா நிற்பாரா என்று கேட்டுக்கொள்வோம்.

இதைப் படிக்கிறவர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். தோட்டத்தில் போர்வெல் போட்டு மிஞ்சிய இரும்புக் கேசிங் பைப் துண்டு, ஒரு முழம் இருந்தாலும் போதும், சும்மா கிடந்தால் கொண்டுவந்து கொடுங்கள். பிளாஸ்டிக் கேசிங் வேண்டாம். சமையல் எண்ணெய் டிரம் இருந்தாலும் சரி. பழைய டிராக்டர் சீட் யாரிடமாவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள், அதுதான் கிடைப்பதில்லை.

நன்றியோடு,
ஊத்தங்கரையிலிருந்து ஒரு மகள்