“லாக் வைப்பதில்லை” என்று சொல்லி வருகிறவர்களுக்கு

புதிதாகப் பிட்காயின் மிக்ஸர் (பலருடைய நாணயங்களைக் கலந்து, யாருடையது யாருக்குப் போனது என்ற தடத்தை மறைக்கும் சேவை) தொடங்கி, அதை எங்கள் பிட்காயின் இணையக் குழுவில் விற்க வந்திருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளம்பரத்தைப் படித்தேன். லாக் (யார், எப்போது, எதை அனுப்பினார் என்ற பதிவு) வைப்பதில்லை, கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) கிடையாது, கட்டணம் குறைவு, கேட்டால் உத்தரவாதக் கடிதமும் உண்டு என்கிறீர்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் உங்களைத் திருடர்கள் என்றார்கள். மீதிப் பேர் போலீஸ் வைத்த பொறி என்றார்கள். தனியுரிமை, தனியுரிமை என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு, அதைக் கொண்டுவந்து தருகிறவனையே விரட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானதுதான். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில், நாம் ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிட்காயின் பேரேட்டை, அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளும் பதிவாகும் பிளாக்செயினை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2008-இல் வெளியிட்ட ஒன்பது பக்க ஆவணத்திலேயே தனியுரிமைக்கு ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவியை (நாணயத்தைச் செலவழிக்க உதவும் ரகசிய எண்; முகவரி அதிலிருந்துதான் வருகிறது) பயன்படுத்துங்கள் என்கிறார். பல உள்ளீடுகளை, அதாவது வெவ்வேறு முகவரிகளில் இருக்கும் நாணயங்களை, ஒரே பரிவர்த்தனையில் சேர்த்துச் செலவழித்தால் அவை ஒரே ஆளுடையவை என்று தெரிந்துவிடும், அதைத் தவிர்க்க வழியில்லை என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்கிறார். அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டுதான் 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் முகவரிகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, இது இந்த எக்ஸ்சேஞ்சினுடையது, அது அந்தக் கடையினுடையது என்று பெயர் ஒட்டிக் காட்டினார்கள். இன்று அதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தியாவில் நாங்கள் பான் கார்டையும் முகத்தையும் காட்டித்தான் எக்ஸ்சேஞ்சில் நாணயம் வாங்குகிறோம். அதை ஒருவருக்கு அனுப்பினால், அது எங்கிருந்து வந்தது, மீதி எவ்வளவு, அந்த மீதி எந்த முகவரிக்குப் போனது என்று அவர் உட்கார்ந்து பார்க்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் கூலியைப் பிட்காயினாக வாங்குகிற ஒரு டிசைனர், தன் கையிருப்பை அந்த வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டாம் என்று நினைப்பதில் என்ன குற்றம் இருக்கிறது?

ஆக, தேவை உண்மையானது. எங்களை உறுத்துவது உங்கள் வாக்குறுதி. இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறோம்.

பெஸ்ட்மிக்ஸர் என்று ஒன்று இருந்தது. 2018 மே மாதம் தொடங்கியது. உங்களைப் போலவே அழகான தளம், உங்களைப் போலவே விளம்பரம், அடையாளம் வெளியே போகாது என்ற அதே பேச்சு. ஓர் ஆண்டில் குறைந்தது 20 கோடி டாலர் மதிப்புள்ள நாணயம் அதன் வழியாகப் போயிருக்கிறது. 2019 மே மாதம் நெதர்லாந்தின் நிதிக் குற்றப் புலனாய்வுத் துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் லக்சம்பர்க் அதிகாரிகளும் சேர்ந்து அதன் ஆறு சர்வர்களைக் கைப்பற்றினார்கள். மூடியதைவிட அப்புறம் அவர்கள் வெளியிட்ட தகவல்தான் எங்களை உலுக்கியது. கடந்த ஓராண்டில் அந்தச் சேவையில் நடந்தவை எல்லாம் தங்களிடம் இருக்கின்றன என்றார்கள்: ஐபி முகவரி, பரிவர்த்தனை விவரம், பிட்காயின் முகவரி, வாடிக்கையாளர் உதவியோடு பேசிய அரட்டை வரைக்கும். நடத்தியவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்களா, தங்கள் சர்வரில் என்ன தங்குகிறது என்று அவர்களுக்கே தெரியாதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. பயன்படுத்தியவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சிப்மிக்ஸர் இன்னும் புத்திசாலித்தனமானது. குறிப்பிட்ட அளவுகளில் முன்கூட்டியே நிரப்பிவைத்த முகவரிகளின் சாவிகளையே கையில் கொடுத்துவிடும். நாணயத்தை வெளியே எடுக்கும்போது பிளாக்செயினில் ஒரு பரிவர்த்தனைகூடப் பதியாது. பலர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். 2023 மார்ச்சில் ஜெர்மன், அமெரிக்க அதிகாரிகள் அதை முடக்கியபோது சிக்கியவை நான்கு சர்வர்கள், சுமார் 1,909 பிட்காயின்கள், 7 டெராபைட் தரவு. லாக்கே இல்லாத இடத்தில் 7 டெராபைட் எதற்கு என்று அப்போது எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தக் கேள்வியோடு தூங்கப் போன பயனர்களை நினைத்தாலே போதும்.

பிட்காயின் ஃபாக் கதை வேறு மாதிரி. 2011-இல் தொடங்கிப் பத்தாண்டு ஓடியது. அதை நடத்தியதாக ஒருவரை 2021 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சல்ஸில் கைது செய்தார்கள். தொடங்கிய புதிதில் தளத்தின் இணைய முகவரிக்குப் பணம் கட்டிய தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துப் போய்த்தான் அவரிடம் வந்து சேர்ந்தோம் என்றார்கள் விசாரணையாளர்கள். அவர் மறுத்தார், நடுவர் குழு ஏற்கவில்லை. 2024 நவம்பரில் 12 ஆண்டு 6 மாதச் சிறை. மற்றவர் தடத்தை அழிப்பதே தொழில் என்று சொன்ன சேவை, தன் தடத்தில் மாட்டியது. பேரேடு எதையும் மறக்காது என்பதால், இன்றைக்கு நீங்கள் செய்கிற சின்ன அலட்சியம் ஏழெட்டு ஆண்டுகள் கழித்து எங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

சரி, போலீஸை விடுங்கள். பணத்தோடு நீங்களே மறைந்துவிட்டால்?

உங்கள் மிக்ஸரில் நாணயம் முதலில் உங்கள் சாவிக்குக் கீழே வருகிறது. அந்த நேரத்தில் அது உங்களுடையது. திருப்பித் தருவது உங்கள் நல்ல மனசு. இதற்குத்தான் உத்தரவாதக் கடிதம் என்பீர்கள். அந்தக் கடிதம் என்ன செய்யும்? இந்த முகவரியைக் கொடுத்தது நாங்கள்தான் என்று உங்கள் டிஜிட்டல் கையொப்பத்தோடு சொல்லும், அவ்வளவுதான். பணம் போன பிறகு, போனது உண்மை என்று ஊருக்குக் காட்டலாம். முகம் தெரியாத ஒருவருடைய பெயரைக் கெடுக்கலாம். பிறகு அவர் வேறு பெயரில் வருவார். மூத்தவர்கள் சிலருக்குக் கொஞ்சம் நாணயம் இலவசமாகத் தருகிறோம், சோதித்துப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓடிப்போன நிதி கம்பெனிகளும் முதல் ஆறு மாதம் வட்டியை ஒழுங்காகத்தான் கொடுத்தன. சின்னத் தொகை திரும்பி வந்தது பெரிய தொகை வரும் என்பதற்குச் சாட்சி ஆகாது. உள்ளே லாக் இருக்கிறதா என்பதை அந்தச் சோதனை தொட்டுக்கூடப் பார்க்காது.

இன்னொன்று, இதை உங்களைப் போன்ற யாரும் விளம்பரத்தில் எழுதுவதில்லை. மிக்ஸரின் பலம் கூட்டம்தான். ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் ஒரே மாதிரித் தொகை போட்டு எடுத்தால் யாருடையது யாருக்குப் போனது என்று பிரிப்பது கடினம். நேற்றுத் தொடங்கிய சேவையில் நாலு பேர் இருந்தால், உள்ளே போன தொகையையும் வெளியே வந்த தொகையையும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், பள்ளிப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆக, உங்கள் முதல் வாடிக்கையாளர்தான் மிகக் குறைந்த பாதுகாப்போடு உள்ளே வருகிறார். முதலில் வருகிறவர்களுக்குத் தள்ளுபடி என்று வேறு போட்டிருக்கிறீர்கள்!

வேறு வழியே இல்லை என்றால் இவ்வளவு கறாராகப் பேச மாட்டேன். வழி இருக்கிறது, பழைய வழிதான். குறியாக்கவியல் அறிஞர் டேவிட் சாம் 1980-களின் தொடக்கத்திலேயே குருட்டுக் கையொப்பம் என்ற முறையைச் சொன்னார். கையொப்பம் போடுகிறவருக்குத் தான் எதில் போட்டோம் என்பது தெரியாது. ஆனால் அது தன் கையொப்பம்தான் என்று பிறகு சரிபார்க்கலாம். 2013-இல் பிட்காயின் நிரலாளர் கிரெகரி மேக்ஸ்வெல் காயின்ஜாயின் என்ற முறையை முன்வைத்தார். பலர் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையை அமைத்து, அவரவர் பங்குக்கு அவரவரே கையொப்பம் இடுவார்கள். தன் நாணயம் தனக்குச் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே ஒருவர் கையொப்பம் இடுவார் என்பதால், நடுவில் இருக்கிறவரால் திருட முடியாது. குருட்டுக் கையொப்பத்தையும் சேர்த்துவிட்டால், யாருடையது எங்கே போனது என்பதும் அவருக்குத் தெரியாது. அந்த முறையில் இயங்கும் ஜாயின்மார்க்கெட் என்ற மென்பொருளில் நிரந்தர நடுவரே கிடையாது. இவற்றிலும் ஓட்டைகள் உண்டு: போலி ஆட்களைக் கூட்டத்துக்குள் நிறைத்து ஒருவரைத் தனிமைப்படுத்தலாம், கலந்து எடுத்த நாணயங்களை மறுநாளே ஒன்றாகச் சேர்த்துச் செலவழித்து அந்த ஆளே தன் மறைவைக் கெடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் இங்கே உங்கள் நேர்மையை நான் நம்ப வேண்டிய அவசியம் வருவதில்லை. உங்களிடம் இல்லாத தகவலை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவும் முடியாது. இவ்வளவு இருக்கும்போது 2011-இன் வடிவத்தையே புது வண்ணம் அடித்துக் கொண்டுவந்தால், நாங்கள் வேறு என்ன நினைப்பது?

சட்டத்தைப் பற்றியும் மறைக்காமல் பேசுங்கள். பணத்தைத் தொடாத வடிவமும் நடத்துகிறவரைக் காப்பாற்றிவிடாது. காயின்ஜாயின் வசதி கொடுத்த சாமுராய் வாலட் என்ற பிட்காயின் செயலியின் நிறுவனர்கள் இருவரையும் 2024 ஏப்ரலில் கைது செய்தார்கள். 2025 நவம்பரில் ஒருவருக்கு ஐந்து ஆண்டு, மற்றவருக்கு நான்கு ஆண்டு. வசாபி என்ற இன்னொரு வாலட்டை உருவாக்கிய நிறுவனம் 2024 ஜூனில் தன் காயின்ஜாயின் சேவையை நிறுத்திக்கொண்டது. ஈதர் நாணயத்தைக் கலக்கும் மிக்ஸரான டொர்னாடோ கேஷ் மீது அமெரிக்கா 2022 ஆகஸ்டில் விதித்த தடை, நீதிமன்றம் வரை போய் 2025 மார்ச்சில் விலக்கப்பட்டது. அதை எழுதியவர்கள் மீதான வழக்குகள் அதோடு முடியவில்லை. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நாளை கதவு உடைபட்டால் எங்கள் பணத்துக்கு என்ன வழி என்று கேட்கிறேன்.

இங்கே எங்களில் பலருக்குத் தனிப்பட்ட கோபமும் உண்டு. 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடு போனது. அதைச் செய்தது வடகொரியா என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் கூட்டாக அறிவித்தன. திருடு போன ஈதரின் பெரும்பகுதி டொர்னாடோ கேஷ் வழியாகத்தான் போனது. சேமிப்பு முடங்கிப்போய் உட்கார்ந்திருந்தவர்களிடம் “தனியுரிமை மனித உரிமை” என்று சுவரொட்டி வாசகம் பேசாதீர்கள். அப்படிப்பட்ட பணம் உங்களிடம் வந்தால் என்ன செய்வீர்கள்? எதையும் தடுக்க மாட்டோம் என்பதும் ஒரு பதில். தடுப்போம் என்றால், எந்தப் பட்டியலை வைத்து, யார் சொல்லி? வசாபிகாரர்கள் 2022-இல் சில நாணயங்களை ஏற்க மாட்டோம் என்றபோது எங்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. எனக்கு இதில் இன்னும் தெளிவு வரவில்லை. உங்களுக்காவது வந்திருக்க வேண்டும். சேவை நடத்தப்போவது நீங்கள்.

எங்கள் ஆட்கள் மேலும் தப்பு உண்டு. பெயருக்குக் கீழே விளம்பர வரி போட வாரக் கூலி வாங்கிக்கொண்டு, பெஸ்ட்மிக்ஸரையும் சிப்மிக்ஸரையும் தலையில் தூக்கி ஆடியவர்கள் இங்கேதான் இருந்தார்கள். உங்களை இன்று அதிகமாகத் திட்டுகிறவர்களில் சிலரும் அவர்கள்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மூல நிரலை முழுதாக வெளியிடுங்கள். எங்கள் நாணயம் எந்தக் கட்டத்தில் யாருடைய சாவியின் கீழ் இருக்கிறது, உங்கள் சர்வருக்கு என்னென்ன தெரியும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு சுற்றில் எத்தனை பேர் கலந்தார்கள் என்பதை நாங்களே எண்ணிப் பார்க்கும்படி செய்யுங்கள். நிரலைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கூலி கேட்க மாட்டார்கள். ஆனால் மாதக்கணக்கில் நேரம் எடுப்பார்கள், கேள்விகளும் மரியாதையாக இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் சேவையை இதுவரை பயன்படுத்தாத ஒருவன்