எங்க ஜோங்காவுக்கு இன்ஜெக்‌ஷன் மாட்ட கை குடுத்த எல்லாருக்கும்

அண்ணன்மார், அக்காமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம ஜோங்கா ஜீப்பு வத்தலக்குண்டுலருந்து கொடைக்கானல் வரைக்கும் ஒரு இடத்துலகூட மூச்சு வாங்காம ஏறிருச்சு. ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு சொல்லத்தான் நெனச்சேன், ஆனா யாராவது ஒருத்தர விட்ருவேன்னு பயமா இருந்துச்சு, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கங்க.

வண்டியப் பத்தி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஜோங்கா நிசான் பேட்ரோல் 60 வண்டியோட நம்மூரு பிறப்பு, ஜபல்பூர் வெஹிக்கிள் ஃபேக்டரில 1969-லருந்து 1999 வரைக்கும் மிலிட்டரிக்குன்னு செஞ்சது. 3956 சிசி பெட்ரோல் இன்ஜின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையா நிக்கும். அப்பா சர்வீஸ்ல ஓட்டுனது இந்த வண்டியத்தான், ரிட்டயர் ஆகி வந்ததும் ஏலத்துல எடுத்த ஒருத்தர்கிட்டருந்து ஒண்ண வாங்கி நாகமலை புதுக்கோட்டை வீட்ல நிப்பாட்டிட்டார். பாக்குறவங்க எல்லாம் இந்த இன்ஜின தூக்கிப் போட்டுட்டு ஒரு டீசல் இன்ஜின் வைப்பான்னுதான் சொன்னாங்க. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் குடுக்குற வண்டிக்கு அது ஞாயமான பேச்சுதான், ஆனா அந்த ஆறு சிலிண்டர் சத்தம் இல்லாட்டி அது எங்களுக்கு ஜோங்காவே இல்ல.

பிரச்சன பூரா, பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்ப்பரேட்டர்லதான். சித்திரை வெயில்ல மாட்டுத்தாவணி சிக்னல்ல பத்து நிமிஷம் நின்னா பெட்ரோல் பம்ப்லயே கொதிச்சு ஆவியாகி வண்டி அமந்துரும். மலை ஏறுனா இதுக்கு நேர்மாறு, மேல காத்து லேசாயிரும், கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு கீழ ஊத்துன மாதிரியே ஊத்தும், பெருமாள்மலை தாண்டுறதுக்குள்ள கரும்புகை. இன்னொண்ணு, நீளமான இன்ஜின், நடுவுல ஒரே ஒரு கார்ப்பரேட்டர். ஒரு தடவ ஆறு பிளக்கையும் கழட்டி திண்ணைல வரிசையா வச்சுப் பாத்தேன், ஒண்ணாவதும் ஆறாவதும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு, மூணும் நாலும் அடுப்புக்கரி. ஓரத்துல இருக்கவனுக்கு பட்டினி, நடுவுல இருக்கவனுக்கு விருந்து. அன்னைக்குத்தான், கார்ப்பரேட்டர தூக்கிட்டு, கம்ப்யூட்டர் சொல்ற அளவுக்கு பெட்ரோல பீச்சுற இன்ஜெக்‌ஷனுக்கு மாத்திரணும்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல கப்பலூர் லேத் அண்ணனுக்கு. சிலிண்டருக்கெல்லாம் காத்த பிரிச்சு விடுற பழைய மேனிஃபோல்ட வெட்டி, சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர், அதான் பெட்ரோல் பீச்சுற முனை, வைக்க எனக்கு மனசு வரல, அது ஒடஞ்சா இன்னொண்ணு கெடைக்காது. அதனால கார்ப்பரேட்டர் உக்காந்த எடத்துலயே ரெண்டு இன்ஜெக்டரோட, காத்து போற வழிய தெறந்து மூடுற ஒரு திராட்டில் பாடி உக்கார வைக்கணும்னு பேப்பர்ல கிறுக்கிக் கொண்டு போனேன். அண்ணன் அதப் பாத்து சிரிக்கல, திட்டல, ஒரு அலுமினிய கட்டைய எடுத்து லேத்ல கட்டிட்டார். இன்ஜெக்டர் ஓட்டைய கடைஞ்சு முடிச்சு, ஓ ரிங் போட்டு கையால அமுக்கிப் பாத்தார், டப்புன்னு எறங்குச்சு. "இது லூசு தம்பி, ஏர் இழுக்கும்"னு சொல்லிட்டு, மூணு மணி நேரம் செஞ்ச வேலைய தூர வச்சுட்டு வேற கட்டைய எடுத்துக் கட்டுனார் பாருங்க, நான் கேக்கவே இல்ல. ரெண்டாவது கட்டைக்கு காசும் வாங்கல.

தெற்குவாசல் பார்ட்ஸ் கடை அண்ணாச்சிக்கு நன்றி. அன்னைக்கு நான் கேட்ட ரப்பர் ஹோஸ அவர் குடுக்க மாட்டேன்னுட்டார். அது கார்ப்பரேட்டர் வண்டிக்கு உள்ளது, இன்ஜெக்‌ஷனுக்கு 3 பார் பிரஷர் வரும், அதுவும் இப்ப பங்க்ல போடுற இ20 பெட்ரோல்ல எத்தனால் இருக்கு, பழைய ரப்பர அரிச்சிரும், சூடான எக்ஸாஸ்ட் மேல பீச்சுனா என்னாகும்னு யோசின்னு சொல்லி, வேற எடத்துலருந்து சரியான ஹோஸும் கிளிப்பும் வரவழைச்சுக் குடுத்தார். ஒரு வேவாரி கையில இருக்க சரக்க விக்க மாட்டேன்னு சொல்றது லேசுப்பட்ட விசயம் இல்ல.

இன்ஜினியரிங் படிக்கிற தம்பிக்கு தனியா ஒரு மடலே எழுதணும். கணக்கு பூரா அவன்தான். 110 குதிரை சக்தி இன்ஜின், முழு வேகத்துல மணிக்கு சுமார் 25 கிலோ பெட்ரோல் குடிக்கும், அத ரெண்டு இன்ஜெக்டருக்கு பிரிச்சு, இன்ஜெக்டர் நூத்துக்கு 80 நேரந்தான் தெறந்திருக்கணும்னு வச்சா ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிஷத்துக்கு 350 சிசி பீச்சணும்னு என் கண்ணு முன்னாடி டீக்கடை பில்லு பின்னாடி போட்டுக் காமிச்சான். கம்ப்யூட்டருக்கு ஸ்பீடுயினோ, ஓபன் சோர்ஸ், ஆர்டுயினோ மெகா போர்டு மேல ஓடுறது, அதையும் அவனே சால்டர் வச்சான். கிராங்க் புல்லில 36 பல்லுல ஒண்ண எடுத்துட்ட சக்கரம் வரும், இன்ஜின் சுத்துல எந்த எடத்துல இருக்குன்னு அந்த ஒத்தப் பல்லு எடவெளிய வச்சுத்தான் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். அந்த எடவெளிய முன்பல்லு விழுந்த சின்னப் புள்ள மாதிரின்னு அப்பா சொன்னார்.

வயரிங் அண்ணே, ஸ்பார்க் வயர் பக்கத்துலயே சென்சார் வயர ஓட்டிட்டு, ரேஸ் குடுத்தா கம்ப்யூட்டர் ரீசெட் ஆகுதேன்னு நாங்க நாலு நாளா மண்டைய ஒடைச்சப்ப, நீங்க வந்து எல்லாத்தையும் பிரிச்சு அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணுன்னு ஓட்டி, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல தடியா ஒரு எர்த் குடுத்தீங்களே, அதுக்கப்பறம் இன்னைக்கு வரைக்கும் ஒரு ரீசெட் இல்லண்ணே.

செக்கானூரணி பக்கம் டீக்கடை வச்சிருக்க அக்காவுக்கும் சொல்லணும். மொத ட்ரையல் அன்னைக்கு பம்ப டேங்க்குக்கு மேல உசரமா மாட்டுனது என் தப்பு, வெயில்ல அது பெட்ரோல இழுக்க முடியாம கத்திக்கிட்டே நின்னுருச்சு. அக்கா யாரு எவருன்னு கேக்காம தண்ணி குடுத்து, கடைல நின்ன நாலு பேர கூட்டிட்டு வந்து வண்டிய நெழலுக்கு தள்ளவிட்டு, அப்பாவ கட்டில்ல உக்கார வச்சாங்க. அந்த நாலு பேரு பேருகூட கேக்காம வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க. பம்ப இப்ப டேங்க்குக்கு கீழ எறக்கி, நடுவுல ஒரு சின்ன டேங்க்கும் வச்சாச்சு.

இப்ப கோரிப்பாளையம் பாய். இருவது வருசமா இந்த வண்டி கார்ப்பரேட்டர அவர் ஒருத்தர்தான் தொட்டிருக்கார், ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடிய காதுல வச்சு, முனைய இன்ஜின்ல ஊனி சத்தத்த கேப்பார். அத கழட்டப் போறேன்னு அவர்கிட்ட சொல்ல ஒரு மாசம் தயங்குனேன். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "வாங்க, நானே கழட்டித் தர்றேன்"னு வந்துட்டார்.

ஆனா நான் சொல்ல வந்தது அதுக்கப்பறம் நடந்தது. லேப்டாப்ப வச்சு, பெட்ரோல் அளவ சாஃப்ட்வேரே திருத்திக்கிற ஆட்டோ டியூன் போட்டு ஓட்டுறோம், சைலன்சர்ல இருக்க ஆக்ஸிஜன் சென்சார் கலவை லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா இருக்குன்னு சொல்லுது, சாஃப்ட்வேர் பெட்ரோல ஏத்துது, மறுபடி லீன்ங்குது, மறுபடி ஏத்துது, பெட்ரோல் அளவு டேபிள்ல இருக்க நம்பர் மேல போய்க்கிட்டே இருக்கு, வண்டியோ நாறுது. நானும் தம்பியும் சென்சார் போச்சு, மேப் போச்சுன்னு ஆளுக்கொண்ணு பேசிக்கிட்டு இருந்தோம். பாய் பானட்டு பக்கம் குனிஞ்சு அந்த ஸ்க்ரூ டிரைவர காதுல வச்சுட்டு, "அஞ்சாவது சிலிண்டர் விடுது தம்பி"ன்னார். பிளக்கு வயர ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தோம், எத கழட்டுனாலும் இன்ஜின் தொங்குது, அஞ்சாவத கழட்டுனா ஒரு மாத்தமும் இல்ல. எக்ஸாஸ்ட் மேல சாஞ்சு அந்த வயரு உள்ளுக்குள்ள வெந்து போய் கெடந்துச்சு. எரியாத சிலிண்டர்லருந்து பெட்ரோலும் வெளிய போகும், காத்தும் அப்படியே வெளிய போகும், சென்சாருக்கு ஆக்ஸிஜன் மட்டுந்தானே தெரியும், அது லீன்னு பொய் சொல்ல, சாஃப்ட்வேர் அத நம்பி ஊத்தோ ஊத்துன்னு ஊத்தியிருக்கு. வயர மாத்துன பத்தாவது நிமிஷம் நம்பர் எல்லாம் எறங்கி, இன்ஜின் ஸ்லோவுலயும் மணியா ஓடுச்சு. பாய், நீங்க அன்னைக்கு வரலேன்னா நான் சென்சார மாத்தி, இன்ஜெக்டர மாத்தி, கடைசில இன்ஜினையே எறக்கியிருப்பேன். உங்க காதுக்கு என்ன குடுத்தாலும் தகாது.

கொடைக்கானல் ஏரிகிட்ட நிப்பாட்டி, ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் போட்டு லேப்டாப்ப பாத்தோம். வீட்ல 99 கிலோபாஸ்கல்னு காட்டுற காத்தழுத்தம் மேல 79. அந்த இருவது கொறைஞ்சத கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டு பெட்ரோலயும் அளவா கொறைச்சிருக்கு, புகை இல்ல, செல்ஃப் அடிச்சதும் பத்திக்கிச்சு. அப்பா எதுவும் சொல்லல, எறங்கிப் போய் சைலன்சர் முனைல வெரல விட்டு எடுத்து எங்கிட்ட காமிச்சார். லேசா சாம்பல் கலர், கரி இல்ல.

மைலேஜ் 5-க்கு மேல வருது. ஓரத்து பிளக்கு ரெண்டும் நடுவுல உள்ளதவிட இன்னும் கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்கு, ஒரே எடத்துலருந்து பங்கு வைக்கிற வரைக்கும் அது இருக்கும், ஆனா அடுப்புக்கரி போயிருச்சு. யாராவது ஜோங்கா வச்சிருந்தா எங்க டியூன் ஃபைலயும் லேத் அண்ணன் போட்ட அளவையும் அப்படியே தர்றேன், காசு கீசுன்னு பேசக்கூடாது.

கழட்டுன கார்ப்பரேட்டர பாய் கழுவி, எண்ண தடவி, துணில சுத்தி அப்பாகிட்ட குடுத்துட்டார், பீரோல இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை வெள்ளென அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்துட்டு எல்லார் வீட்டுக்கும் வர்றேன், அழகர்கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம். முன் சீட்டு பாய்க்கு.