கண்டி தலதா மாளிகைக்குச் செல்வோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை கண்டி தலதா மாளிகையில் புத்தரின் தந்ததாது எனும் புனிதப் பல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 16 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த வைபவம் அது. அந்தச் செய்திகளைப் படித்தவர்கள் பலர், கண்டிக்கு எந்த நாளில் போனாலும் அந்தப் புனிதப் பல்லைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நம்பிப் புறப்படுகிறார்கள். பயண ஏற்பாட்டாளர்கள் சிலரும் அந்த நம்பிக்கையைத் திருத்துவதில்லை. அங்கே போய் மூடிய கதவைப் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று சலித்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். உள்ளதை உள்ளபடி முன்கூட்டியே சொல்லியிருந்தால் இந்த ஏமாற்றம் வராது. தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கம் அந்த வேலையைச் செய்யலாம் என்பதால்தான் இக்கடிதம்.

முதலில், எதைக் காணலாம், எதைக் காண முடியாது என்பது. தந்ததாது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த ஏழு பொற்பேழைகளுக்குள் இருக்கிறது. வெளிப்பேழை தூபி வடிவம். அரசர்களும் பக்தர்களும் காணிக்கையாகத் தந்த மணிகளும் ஆபரணங்களும் அதன்மேல் சாத்தப்பட்டிருக்கும். சாதாரண நாட்களில் பக்தர் காண்பது இந்த வெளிப்பேழையை மட்டுமே, அதுவும் சற்றுத் தொலைவிலிருந்து, கருவறை வாசல் வழியாக, சில விநாடிகள். பேழையைத் திறக்கும் சாவிகள் மல்வத்தை, அஸ்கிரிய எனும் இரு பிக்கு பீடங்களின் தலைவர்களான மகாநாயக்க தேரர்கள், மாளிகையின் இல்லறக் காப்பாளரான தியவதன நிலமே ஆகிய மூவரிடம் இருக்கின்றன. ஒருவர் நினைத்தால் திறக்க முடியாது. பொதுக் காட்சிக்கு ஆண்டுதோறும் வரும் குறித்த நாள் என்றும் எதுவும் கிடையாது. ஆகவே "பல் தரிசனம்" என்று யாராவது சொல்லிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அந்தக் கருவறை வாசலும் நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. இதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. மாளிகை காலையிலிருந்து இரவுவரை திறந்திருக்கும் என்று வழிகாட்டிகளில் அச்சாகிறது. அது கட்டடத்துக்கான நேரம். மேல்மாடிக் கருவறையின் கதவு 'தேவாவ' எனப்படும் நித்திய பூசை நேரங்களில்தான் பக்தர்களுக்குத் திறக்கும். காலை 5.30, காலை 9.30, மாலை 6.30 என மூன்று வேளை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். தொடக்கத்தில் கீழ்த்தளத்து முற்றத்தில் 'ஹேவிசி' வாத்தியக்காரர்கள் தவுல, தம்மட்டம், ஹொரணை ஆகியவற்றை முழக்குவார்கள். இடுப்பில் வெள்ளையும் சிவப்பும் உடுத்தி வரிசையாக நின்று அவர்கள் வாசிக்கும்போது கல்தூண்களே அதிர்வது போலிருக்கும். மேலே பிக்குகள் உள்ளே சென்று சடங்குகளைச் செய்வார்கள். மேள ஒலி எழுந்த உடனே கதவு திறந்துவிடாது. சற்றுப் பொறுத்துத்தான் வரிசை நகரத் தொடங்கும். மேளத்தைக் கீழேயே நின்று முழுவதும் கேட்டுவிட்டு மாடி ஏறினால் வரிசையின் வாலில் நிற்க வேண்டிவரும்; மாடிக்கு முதலில் ஏறிவிட்டால் மேளக்காரர்களை அருகில் பார்க்க இயலாது. இரண்டும் வேண்டுமென்றால், முந்தைய நாள் மாலையில் ஒன்று, மறுநாள் விடியலில் ஒன்று என்று இரு வேளையாகப் பிரித்துக்கொள்வதே வழி.

தமிழகத்திலிருந்து செல்லும் குழுப் பயணங்களில் கண்டி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: கொழும்பில் காலையில் கிளம்பி, வழியில் பின்னவலையில் யானைகளைப் பார்த்து, மதிய உணவு முடித்து, மூன்று மணிக்கு மாளிகை. அது கதவு மூடியிருக்கும் நேரம். அல்லது மாலை நடனக் காட்சிக்கு அழைத்துச் சென்று, அது முடிந்ததும் 6.30 தேவாவவுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த அத்தனை வெளிநாட்டுக் குழுக்களும் அதே நேரத்தில் அதே படிக்கட்டில் ஏறும். முதியவர்களுக்கு அந்த நெரிசல் ஆகாது. விடியற்காலைத் தேவாவதான் சிறந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் இருந்தால் போதும். உள்ளூர் மக்கள் வெள்ளுடையில் பூத்தட்டோடு வருவார்கள். சுற்றுலாக் கூட்டம் குறைவு. ஏழு மணிக்கு விடுதிக்குத் திரும்பிச் சிற்றுண்டி சாப்பிடலாம். போயா எனப்படும் பௌர்ணமி நாட்களிலும், வார இறுதியிலும், பள்ளி விடுமுறையிலும் மட்டும் விடியலிலும் கூட்டம் இருக்கும்.

புதன்கிழமை செல்வோர் 'நானுமுர மங்கல்லய' என்ற சடங்கு நடக்கும் நாள் அது என்பதை நினைவில் கொள்ளலாம். மூலிகைகளும் நறுமணப் பொருள்களும் சேர்த்த நீரால் தந்ததாதுவுக்கு நீராட்டு நடக்கும். நீர் தாதுவின் மேல் படுவதில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்கே ஆட்டுகிறார்கள். அந்த நீர் பின்னர் பக்தர்களுக்கு வழங்கப்படும்.

இனி வாசல். மாளிகையை ஒட்டிய சாலைப் பகுதி வாகனங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் பேருந்து படிக்கட்டுவரை வராது. ஏரிக்கரையில் இறங்கி நடக்க வேண்டும். உடலையும் பையையும் சோதிப்பார்கள். சோதனையில் முகம் சுளிப்பவர்கள் இதற்கான காரணத்தை அறிந்திருக்க வேண்டும். 1989-இல் ஜே.வி.பி. எனும் இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கத்தின் தாக்குதல் நடந்தது. 1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகள் வெடிமருந்து ஏற்றிய லாரியை வாசலில் மோதி வெடிக்கச் செய்தார்கள். பலர் இறந்தார்கள், கூரையும் முகப்பும் சிதைந்தன. வாசலில் இன்று காணும் வேலைப்பாடுகளில் ஒரு பகுதி அதன்பின் திருத்திச் செய்யப்பட்டவை. தமிழ் பேசிக்கொண்டு அந்த வாசலைக் கடக்கும் நாம், பொறுமையோடும் பணிவோடும் கடப்பதே முறை.

தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். இயன்றால் வெளிர் நிறம். அரைக்கால் சட்டையும் கையில்லா மேலாடையும் அணிந்தவர்களை உள்ளே விடுவதில்லை. அப்படித் தடுக்கப்பட்டவர்கள் வாசலருகே அவசரத்துக்குத் துணி தேடுவது வாடிக்கையாக நடப்பது. ஒரு வேட்டியோ துப்பட்டாவோ பையில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. தொப்பியைக் கழற்ற வேண்டும். செருப்பை அதற்கான இடத்தில் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். நடுப்பகலில் முற்றத்துக் கல் சுடும், மழையில் வழுக்கும். இலங்கையர் அல்லாதவர்களுக்கு நுழைவுச் சீட்டு உண்டு. சார்க் நாட்டவர்க்குச் சலுகைக் கட்டணம் இருப்பதால் இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் தொகையை இங்கே எழுதவில்லை. வெளியே நிற்கும் சிலர், "இன்று விசேஷ பூசை, இப்போதே வந்தால்தான் பார்க்கலாம்" என்று இழுப்பார்கள். தேவாவ நேரங்கள் தெரிந்தவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

பூ வாங்குவதானால் தாமரை, நீலோற்பலம், அரளிய எனப்படும் ஈழத்தலரி எதுவும் வாங்கலாம். மேல்மாடியில் கருவறைக்கு எதிரே நீண்ட மேடை இருக்கிறது. அங்கே இரு கைகளாலும் வைத்து வணங்கிவிட்டு நகர வேண்டும். படைக்கும் பூவை முகரக் கூடாது. நம் கோயில் பழக்கத்தில் சிலர் தேங்காய், கற்பூரம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இங்கே அர்ச்சனையும் தீபாராதனையும் இல்லை. பிக்குவின் கையில் தட்சிணை திணிக்கக் கூடாது, உண்டியலில் போடலாம். பெண்கள் எந்தப் பொருளையும் பிக்குவின் கையில் நேரடியாகக் கொடுப்பது வழக்கமில்லை. தரையில் அமர்ந்தால் கால்களைக் கருவறைப் பக்கம் நீட்டக் கூடாது.

படம் எடுப்பதில்தான் பெரிய சிக்கல் வருகிறது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பது இலங்கையில் கடும் அவமதிப்பு. விளையாட்டாகச் செய்தவர்களும் காவல் நிலையம்வரை போயிருக்கிறார்கள். புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணி 2014-இல் நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார். உடலில் அப்படி ஏதேனும் இருந்தால் மூடிக்கொள்வதே நல்லது. புத்தர் படம் போட்ட சட்டையும் வேண்டாம்.

கருவறையைக் கண்டவுடன் பேருந்துக்கு ஓடிவிடுவது பெரும் இழப்பு. பின்புறத்தில் 'அலுத் மாளிகாவ' எனும் புது மண்டபத்தில் தந்ததாதுவின் வரலாறு 21 ஓவியங்களாக இருக்கிறது. கலிங்க இளவரசி ஹேமமாலை தன் கூந்தலில் மறைத்து, கணவர் தந்தகுமாரனுடன் 4-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்துக்குக் கொண்டுவந்த மரபுக் கதையிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்த்து வந்தால், இந்தப் பல் ஏன் ஒரு நாட்டின் அரசுரிமைக்கே அடையாளமானது என்பது புரியும். தாதுவைக் காப்பவனே அரசன் என்பது அங்கே பழைய நியதி. தலைநகரம் மாறும்போதெல்லாம் அதுவும் பொலனறுவை, தம்பதெனிய, யாப்பகூவ, கொழும்பை அடுத்த கோட்டை நகரம் என்று இடம் மாறியது. வளாகத்திலேயே 'ராஜா' என்ற யானையின் பாடம் செய்த உடலும் இருக்கிறது. பல ஆண்டுகள் எசல பெரஹெரா எனும் ஆண்டு ஊர்வலத்தில் பேழையைச் சுமந்து 1988-இல் இறந்த யானை அது. குழந்தைகளோடு செல்வோர் தவறாமல் காட்ட வேண்டும். முகப்பிலுள்ள எண்கோண மண்டபத்தில் ஓலைச்சுவடி நூலகம் இருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். பொலனறுவையில் தந்ததாது கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வேளைக்காரர் எனும் தென்னிந்தியப் படையினர் தமிழில் பொறித்த கல்வெட்டு, அங்குள்ள தலதா வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியன் குலசேகரனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி, யாப்பகூவையிலிருந்து தாதுவைப் பாண்டிய நாட்டுக்கு எடுத்துச் சென்றான். மூன்றாம் பராக்கிரமபாகு நேரில் வந்து பணிந்து கேட்டு அதை மீட்டுப் போனதாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. 1560-இல் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய போர்த்துக்கீசர் ஒரு பல்லைக் கைப்பற்றி, பர்மாவின் பெகு அரசன் பெரும் பணம் தர முன்வந்தும் மறுத்து, கோவாவில் பொடித்து எரித்தார்கள். அது உண்மையான தாது அல்ல என்பது சிங்கள பௌத்தர்களின் உறுதியான நம்பிக்கை.

கண்டியின் கடைசி நான்கு அரசர்களும் மதுரையோடு தொடர்புடைய நாயக்கர்கள். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் 1753-இல் சயாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதா எனும் பிக்குகளின் முழுத் துறவேற்பு மீண்டும் தொடங்கப்பட்டது. அதுவரை தேவாலயம் எனப்படும் தெய்வக் கோயில்களின் தெய்வங்களுக்கு நடந்துவந்த எசல ஊர்வலத்தின் முன்னணியில் தந்ததாதுவுக்கு இடம் கிடைத்ததும் அப்போதுதான். எண்கோண மண்டபத்தையும் கண்டி ஏரியையும் அமைத்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறையில் 1832-இல் இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருடைய நினைவிடம். வேலூர்க்காரர்கள் கண்டிக்குப் போகும்போது, அவர் ஆட்சியைப் பறித்து ஆங்கிலேயரிடம் தந்த 1815 மார்ச் 2 ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட 'மகுல் மடுவ' எனும் மரத்தூண் மண்டபத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். மாளிகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் சிங்களப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்தில் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

மாளிகைக்கு எதிரே நாத தேவாலயம். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; கண்டியில் இன்றுள்ள கட்டடங்களில் மிகப் பழையது. தென்னிந்தியக் கோயில் அமைப்பு அதில் தெளிவாகத் தெரியும். அதையொட்டிப் பத்தினி தேவாலயம்: நம் கண்ணகியே அங்கே பத்தினித் தெய்வம். இரண்டையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

ஜூலை, ஆகஸ்டில் வரும் எசல பெரஹெராவுக்குச் செல்ல விரும்புவோர், யானைமேல் செல்வது பேழையே தவிர தந்ததாது அல்ல என்பதையும் அறிந்து செல்லட்டும். முதலில் கும்பல் பெரஹெரா எனும் ஊர்வலம் ஐந்து இரவுகள், அடுத்து பெரிய ஊர்வலமான ரந்தோலி பெரஹெரா ஐந்து இரவுகள். கடைசி இரவுகளில் கூட்டம் உச்சம், விடுதி வாடகையும் உச்சம். முதல் ரந்தோலி இரவுகளில் ஓரளவு நெருக்கமின்றிப் பார்க்கலாம்.

தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் அடுத்த முறை கண்டியைப் பற்றி எழுதும்போது, திறந்திருக்கும் நேரத்தோடு மூன்று தேவாவ நேரங்களையும் பெட்டிச் செய்தியாக அச்சிட வேண்டுகிறேன். பயண ஏற்பாட்டாளர்கள் கண்டியில் ஓர் இரவு தங்கி விடியலில் மாளிகை, பிறகு தேவாலயங்களும் மகுல் மடுவவும், பொலனறுவைக்குப் போகும்போது வேளைக்காரர் கல்வெட்டு என்று நிரலை மாற்றினால் கூடுதல் செலவு ஏதும் ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்